மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதம் தமிழில் வந்தால் போதுமா?

கேள்வி, 2025 பிப்ரவரி 18

அம்மாவுக்கு 68 வயது. தைராய்டு, சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால், கால்சியம் என்று ஐந்து விதமான மாத்திரை. எட்டாவது வரை படித்தவர், தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிப்பார். ஆனால் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம் முழுக்க ஆங்கிலம். நான் வெளியூரில் இருக்கிறேன். "அந்த வெள்ளை மாத்திரை எப்போடா போடணும்" என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் காகிதத்தைத் தமிழில்தான் அச்சடிக்க வேண்டும் என்று சட்டம் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. மருந்துக் கடையில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 18, இரவு

தீராது. நான் திண்டுக்கல் பக்கம் மருந்துக் கடையில் ஃபார்மசிஸ்ட். அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்து முதல் வரியைப் பாருங்கள். "பதிவு பெற்ற மருத்துவர், மருத்துவமனை, ஆய்வகம் ஆகியோரின் உபயோகத்துக்கு மட்டும்" என்ற பொருளில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அது உங்கள் அம்மாவுக்காக எழுதப்பட்டதே அல்ல. மருந்து ரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்கும், கல்லீரலில் எப்படிச் சிதையும், எந்த உப்பாகச் சேர்த்திருக்கிறார்கள் என்றெல்லாம் போகும். அதை அப்படியே தமிழாக்கினால் அம்மாவுக்குப் புரியாத தமிழ்க் காகிதம் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, நம் ஊரில் பாதிப் பேர் பெட்டியையே பார்ப்பதில்லை. ஒரு அட்டை, அரை அட்டை, நாலு மாத்திரை என்று வெட்டித்தான் வாங்குகிறார்கள். காகிதம் கடையிலேயே நின்றுவிடுகிறது.

அம்மாவுக்குத் தெரிய வேண்டியது எது எதற்கான மாத்திரை, எப்போது எத்தனை, மறந்துவிட்டால் என்ன செய்வது, எது நடந்தால் பயப்பட வேண்டாம், எது நடந்தால் உடனே ஓட வேண்டும். இதைச் சொல்லாத காகிதம் எந்த மொழியில் இருந்தாலும் வீண்.

பிப்ரவரி 19

நேற்று அவசரத்தில் எழுதியது. இன்று கவுன்ட்டரில் நின்றபோது, மாத்திரையைப் போட்டுக் கொடுக்கும் கவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டது உறுத்தியது.

எங்கள் ஊரில் மருந்தைப் பற்றி நோயாளி கையில் வைத்திருக்கும் ஒரே எழுத்து அந்தச் சின்னப் பேப்பர் கவர்தான். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம், கீழே சாப்பாட்டுக்கு முன், பின். பால்பாயின்ட் பேனாவால் ஒரு டிக். கூட்டம் இருக்கும் நேரத்தில் அந்த டிக் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் விழும். உள்ளே என்ன மருந்து என்று கவரின் மேல் இருக்காது. வீட்டுக்குப் போனதும் ஐந்து கவரையும் பிரித்து எல்லா அட்டையையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிடுவார்கள். கவர் குப்பைக்குப் போனால் செய்தியும் அதோடு போச்சு.

அட்டையை வெட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் ஒரே ஒரு தடவைதான் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்திலிருந்து வெட்டினால் கடையில் மிஞ்சும் பாதிக்குத் தேதி இல்லை. மறு ஓரத்திலிருந்து வெட்டினால் நோயாளி கையில் பெயரும் பாதி, தேதியும் இல்லை. "பின்" என்று முடிகிற நாலு எழுத்தை மட்டும் காட்டி "இதே குடுங்க" என்று கேட்பவர்கள் தினம் வருகிறார்கள். பளபளக்கும் வெள்ளி ஃபாயிலில் கறுப்பு மையில் பொடி எழுத்து. டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால்தான் எனக்கே தெரிகிறது. கண்புரை உள்ள பாட்டி என்ன செய்வார்?

ஒரே மருந்து உள்ள மாத்திரைகளில், மூலப்பெயர் (உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) பிராண்ட் பெயரைவிடக் குறைந்தது இரண்டு எழுத்தளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று 2018 செப்டம்பரிலிருந்து விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் இரண்டுமே பொடியாக இருந்தால் அதில் ஒன்று கொஞ்சம் பெரிய பொடி என்பதால் என்ன பயன்?

பிப்ரவரி 20

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "படிக்கத் தெரிந்தவருக்கு என்ன கஷ்டம்? ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு மாத்திரை என்று எழுதினால் புரியாதா?"

அமெரிக்காவில் 2006-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 395 நோயாளிகளிடம் மருந்துப் புட்டியின் லேபிளை வாசிக்கச் சொன்னார்கள். "இரண்டு மாத்திரை, தினம் இரண்டு வேளை" என்ற வரியை, வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 70.7 சதவீதம் பேர் சரியாக வாய்விட்டுச் சொன்னார்கள். அதே ஆட்களிடம், அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணிக் காட்டச் சொன்னபோது நாலு என்று சரியாகக் காட்டியவர்கள் 34.7 சதவீதம்தான்.

எங்கள் கவுன்ட்டரிலும் இதைத்தான் பார்க்கிறேன். "புரிஞ்சுதாம்மா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பின்னால் வரிசை நிற்கிறது, புரியவில்லை என்று எப்படிச் சொல்வார்கள்? அதனால் நான் "இன்னிக்கு ராத்திரி இதுல எத்தனை போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க" என்றுதான் கேட்பேன். விரல் அட்டையின் மேல் போய்த் தயங்கி நிற்கும்போது எழுத்தில் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும்.

"தினம் இரண்டு வேளை" என்பதை நோயாளி மனதுக்குள் கணக்குப் போட்டு நேரமாக மாற்ற வேண்டியிருக்கிறது. "காலை 2, இரவு 2" என்று எழுதினால் அந்த வேலையே இல்லை. டாக்டர் சீட்டில் வரும் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) இந்த வகையில் நல்லதுதான், எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் போகாதவர்கள்கூட அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஓ.டி. (தினம் ஒரு வேளை), பி.டி. (தினம் இரண்டு வேளை), எச்.எஸ். (தூங்கும் முன்) என்று சுருக்கி எழுதுவதை மட்டும் நிறுத்தினால் புண்ணியம்.

பிப்ரவரி 20, கொஞ்சம் கழித்து

படம் போட்டால் போதும் என்று சொன்னவருக்கு: சூரியன், நிலா படம் எனக்கும் பிடிக்கும், ஆனால் தனியாக நிற்காது. எங்கள் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் போகும் பெண்கள் நிறைய. இரவு பத்து மணிக்கு உள்ளே போய்க் காலை ஆறுக்கு வெளியே வருபவருக்கு நிலா என்பது வேலை நேரம். தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரையை நிலா பார்த்துப் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் நிற்கக் கூடாது. "தூங்கப் போகும் முன்" என்று பக்கத்தில் எழுத்தும் வேண்டும்.

பிப்ரவரி 22

விழுங்கக் கூடாததை விழுங்குவது பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக நினைப்பு.

ஆஸ்துமாவுக்கும் மூச்சிரைப்புக்கும் தரும் ரொட்டாகேப். கண்ணாடி மாதிரி தெளிவான கேப்ஸ்யூல், உள்ளே கொஞ்சம் வெள்ளைப் பொடி. அதை ரொட்டாஹேலர் என்ற கருவியில் வைத்துத் திருகிப் பிரித்து, வாயில் வைத்து வேகமாக இழுக்க வேண்டும். பார்ப்பதற்கு விழுங்கும் கேப்ஸ்யூல் போலவே இருக்கும். சளிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலும் இதுவும் ஒரே பையில் போனால் வீட்டில் இரண்டையும் தண்ணீர் ஊற்றி விழுங்குவார்கள். பெரிய கெடுதல் பெரும்பாலும் வராது, ஆனால் மூச்சு சரியாகாது. "மருந்து வேலை செய்யலை" என்று வேறு டாக்டரிடம் போவார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். உள்ளிழுக்க வேண்டிய கேப்ஸ்யூல்களை மக்கள் விழுங்குகிறார்கள் என்று 2008-ல் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரிக்கை விட்டது.

இங்கே எழுத வேண்டியது இரண்டு வரி. "விழுங்கக் கூடாது. மெஷினில் வைத்து இழுக்கவும்." டப்பாவின் மூடியில் பெரிதாக. மருந்து உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்ற பத்தியெல்லாம் டாக்டர் காகிதத்திலேயே இருக்கட்டும்.

இன்சுலின் இதைவிட ஆபத்து. நம் நாட்டில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. பேனாவில் வருவது ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100-க்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. 20 யூனிட் போட வேண்டியவர் 40 புட்டியிலிருந்து ஆரஞ்சு ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். திருப்பிப் போட்டு, பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட். சர்க்கரை சரசரவென்று இறங்கி ஆள் மயங்கி விழும் அளவு. டாக்டர் சீட்டிலும் கவரிலும் "20 யூனிட்" என்று மட்டும்தான் இருக்கும். "புட்டியில் 40 என்று இருந்தால் சிவப்பு மூடி ஊசி மட்டும்" என்ற ஒரு வரியை நான் புட்டிப் பெட்டியின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதித்தான் கொடுப்பேன். முதலாளிக்கு நேரம் வீணாவதாகக் கோபம். இருக்கட்டும்.

பிப்ரவரி 23

குழந்தை பெற்றவர்கள் இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப் பெரும்பாலும் 5 மில்லியில் 120 அல்லது 125, அதாவது மில்லிக்கு 25 பக்கம். பெயர் ஒன்று, படத்தில் சிரிக்கும் குழந்தையும் ஒன்று, வீரியம் நாலு மடங்கு. சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பூன் என்று எழுதவே கூடாது, வீட்டுக்கு வீடு ஸ்பூன் வேறு. மில்லி என்று எழுதி, கூட வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ அந்தக் கோட்டில் பேனாவால் ஒரு அடையாளம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 26

போன திங்கட்கிழமை முதல்வர் மருந்தகம் ஆயிரம் திறந்திருக்கிறார்கள். விலை குறைகிறது, நல்ல காரியம். இதனால் இந்த இழையில் பேசும் விஷயம் இன்னும் அவசரமாகிறது. நேற்றுவரை ஒரு பிராண்டில் ரோஸ் நிறத்தில் வாங்கிய பிரஷர் மாத்திரை இனி வேறு பெயரில் வெள்ளை நிறத்தில் வரும். பழையதும் டப்பாவில் மிச்சம் இருக்கும். இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வரும்போதும் இதே குழப்பம், அங்கே கொடுத்தது ஒரு பெயர், வீட்டில் இருப்பது வேறு பெயர், உள்ளே இருப்பது அதே அம்லோடிபின்.

அதனால் வீட்டில் எழுதி வைக்கும் தாளில் பிராண்ட் பெயரை எழுதாதீர்கள். மூலப்பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள்.

கியூஆர் கோடு இருக்கிறதே என்று கேட்டவருக்கு: 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 பிராண்டுகளில் அது கட்டாயம். ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச், தயாரிப்புத் தேதி, காலாவதி, லைசென்ஸ் எண் வரும். போலியா என்று பார்க்க உதவும். எப்படிப் போட வேண்டும் என்று அதில் சொல்லச் சொல்லி விதி இல்லை. அந்தக் கட்டத்துக்குள் தமிழில் ஒரு நிமிட ஆடியோ வைக்க முடியும். யாராவது செய்ய மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 27

பக்க விளைவுகளை எழுதினால் நோயாளி பயந்து மருந்தை நிறுத்திவிடுவார், எழுதாமல் விடுவதே நல்லது என்று ஒரு டாக்டர் சொல்கிறார். அவர் பயம் நியாயமானது. முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை.

டி.பி.க்குத் தரும் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் ரத்தம் போகிறது என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள். ஆறு மாதம் போட வேண்டிய மருந்து. இரும்புச் சத்து மாத்திரையில் மலம் கறுப்பாகப் போகும், கர்ப்பிணிகள் பதறிப் போவார்கள். இதை எழுதாமல் விடுவதுதான் பயத்தை உண்டாக்குகிறது. "இப்படி ஆகும், ஆபத்தில்லை, தொடர்ந்து போடுங்கள்" என்று முதலில். அதற்குக் கீழே தனியாக, "கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் அன்றே டாக்டரிடம் போங்கள்."

எத்தனை பேருக்கு வரும் என்பதை எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். ஐரோப்பாவில் 1998-ல் ஒரு வழிகாட்டி போட்டார்கள். நூற்றுக்கு ஒருவர் முதல் பத்துப் பேர் வரை வந்தால் "பரவலாக" என்று எழுத வேண்டும், அதற்குக் கீழே "குறைவாக", "அரிதாக" என்று போகும். பிரிட்டன் ஆய்வாளர்கள் சாதாரண மக்களிடம் காட்டிப் பார்த்தபோது, "பரவலாக" என்று படித்தவர்கள் உண்மையைவிட மிக அதிகப் பேருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டார்கள். எண்ணாகவே எழுதிவிடலாம். "100 பேர் போட்டால் 3 பேருக்குக் கால் வீங்கலாம், 97 பேருக்கு வராது." இதைப் புரிந்துகொள்ளாத அம்மாவை நான் பார்த்ததில்லை. சீட்டுக் கட்டி வட்டிக் கணக்குப் பார்ப்பவர்கள் அவர்கள்.

பிப்ரவரி 28

வாரத்துக்கு ஒரு முறை போடும் மெத்தோட்ரெக்ஸேட்டை நேற்று விட்டுவிட்டேன். மூட்டு வாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் தருவது. தினமும் போட்டுக்கொண்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிரே போகலாம், உலகெங்கும் போயிருக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமை 2019-ல் இதற்காகவே தனி நடவடிக்கைகளைச் சொன்னது. அதில் ஒன்று, எந்தக் கிழமை என்று நோயாளி எழுதி வைக்கும் அட்டை. "வாரம் ஒரு முறை" என்று எழுதாமல் "புதன்கிழமை மட்டும்" என்று எழுதுங்கள். இதோடு தரும் ஃபோலிக் ஆசிட்டும் பல சமயம் சின்ன மஞ்சள் மாத்திரைதான், பக்கத்தில் வைத்தால் குழம்பும். தனி டப்பா.

மார்ச் 2

இன்று முதல் நோன்பு. காலையிலிருந்து கடையில் இதே பேச்சு.

1-0-1 என்று எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு ஒரு பாய் கேட்டார், "தம்பி, காலைங்கிறது சஹருக்கா, பள்ளிவாசல்லேர்ந்து வந்த பிறகு எதுவும் சாப்பிட முடியாதே." சஹர் என்பது விடியும் முன் சாப்பிடும் நேரம். அவருக்குச் சர்க்கரைக்கு கிளிமெப்பிரைடும் மெட்ஃபார்மினும். கிளிமெப்பிரைடைக் காலையில் போட்டுக்கொண்டு மாலை வரை பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். ஒரு நாளைக்கு ஒன்று போடுபவர்கள் அதை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை. அளவைக் குறைக்கலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடமே போன் போட்டுக் கொடுத்தேன். பிறகு அவர் தாளில் காலை, இரவு என்பதை அடித்துவிட்டு சஹர், இஃப்தார் (நோன்பு திறக்கும் நேரம்) என்று புதிதாக எழுதிக் கொடுத்தோம். கீழே: "சர்க்கரை 70-க்குக் கீழே போனாலும் 300-க்கு மேலே போனாலும் நோன்பை முறித்துவிடவும்."

நோன்பு மாதத்துக்கு என்று தனித் தாள் ஒவ்வொரு கடையிலும் அதற்கு முந்தைய ஷாபான் மாதத்திலேயே தயாராக இருக்க வேண்டும்.

மார்ச் 4

எழுதிய தாள் நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த இழையில் எனக்கு முக்கியமான விஷயம் இதுதான்.

1990-களில் ஆஸ்திரேலியாவில் ஒரு முறை உருவானது. பிறகு ஐரோப்பா 2004-ல் அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மருந்தோடு வரும் தாளை அதைப் படிக்கப் போகும் நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். தாளைக் கையில் கொடுத்து, "இரண்டு வேளை மறந்துவிட்டது, என்ன செய்வீர்கள்?" போன்ற கேள்விகள். முதலில் அந்த இடத்தைத் தாளில் கண்டுபிடிக்கிறாரா, பிறகு சொந்த வார்த்தையில் சரியாகச் சொல்கிறாரா. 20 பேரில் 16 பேராவது இரண்டையும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் திருத்தி எழுதி மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். குறை தாளுடையது, படிப்பவருடையது அல்ல.

எங்கள் கடையில் தைராய்டு மாத்திரைக்கு ஒரு தாள் தயார் செய்தபோது இதைச் சின்ன அளவில் செய்தோம். "காலையில் வெறும் வயிற்றில் ஒன்று" என்று எழுதியிருந்தது. பூக்கடை அக்காவிடம் காட்டி, நாளைக்குக் காலையில் என்னென்ன செய்வீங்க, வரிசையாகச் சொல்லுங்க என்றேன். "எந்திரிச்சுப் பல்லு விளக்கி, காபி குடிச்சிட்டு, மாத்திரை போட்டு, அப்புறம் இட்லி." காபியைச் சாப்பாட்டோடு அவர் சேர்க்கவே இல்லை. காபி அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். அடுத்து டீக்கடைப் பையன், டிரைவர், பக்கத்து வீட்டு டீச்சர் என்று கேட்டால் டீச்சரும் காபிக்குப் பிறகுதான் போடுகிறார். மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போகும் எத்தனை பேருக்குக் காரணம் அந்த ஒரு டம்ளர் காபியோ.

தாளை மாற்றினோம். "எழுந்ததும் தண்ணீரோடு ஒன்று. அரை மணி நேரம் கழித்துத்தான் காபி, டீ, பால்." அதற்குப் பிறகு அக்கா சொன்ன வரிசையில் மாத்திரை முதலில் வந்தது.

மார்ச் 5

கேள்வி கேட்டவருக்கு. உங்கள் அம்மாவின் சீட்டைத் தனிச் செய்தியில் அனுப்பியிருந்தீர்கள். அதை வைத்து ஒரு மாதிரி. நேர வரிசையில் எழுதுங்கள், மருந்து வரிசையில் வேண்டாம். அம்மா நாளை நேரமாகத்தான் வாழ்கிறார்.

*எழுந்ததும்:* லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம், 1. தைராய்டுக்கு. தண்ணீரோடு. காபி அரை மணி கழித்து.

*காலை இட்லி சாப்பிட்டதும்:* மெட்ஃபார்மின் 500, 1. சர்க்கரைக்கு. அம்லோடிபின் 5, 1. பிரஷருக்கு. கணுக்கால் வீங்கினால் நிறுத்த வேண்டாம், போன் செய்யவும்.

*மதியம் சாப்பிட்டதும்:* கால்சியம் 500, 1. எலும்புக்கு. காலையில் போடவே கூடாது, தைராய்டு மாத்திரையிலிருந்து 4 மணி நேரமாவது தள்ளி.

*இரவு சாப்பிட்டதும்:* மெட்ஃபார்மின் 500, 1. அட்டோர்வாஸ்டாட்டின் 10, 1. கொலஸ்ட்ராலுக்கு. காரணமில்லாமல் உடம்பெல்லாம் சதை வலித்தால் டாக்டரிடம் சொல்லவும்.

*மறந்துவிட்டால்:* அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம்.

இதை டாக்டரிடம் ஒருமுறை காட்டிச் சரிபாருங்கள். பேப்பரில் தலைப்பு எந்த அளவு எழுத்தோ அந்த அளவில் பிரின்ட் எடுங்கள், வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. ஃபிரிட்ஜில் ஒட்டும் முன் போனில் அம்மாவிடம் "நாளைக்குக் காலையிலேர்ந்து என்னென்ன போடுவீங்க" என்று கேளுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியை மாற்றி எழுதி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

மார்ச் 6

நீங்கள் போட்டதைப் பார்த்தேன். "சாப்பிட்டதும்" என்ற இடத்தில் அம்மா மதியம் தூங்கி எழுந்தபின் போடுவதாகச் சொன்னாரா? கால்சியத்துக்கு அது பரவாயில்லை, அந்த வரியில் கை வைக்காதீர்கள். மெட்ஃபார்மின் வரியை மட்டும் "கடைசி வாய் சாப்பிட்டதும், கை கழுவும் முன்" என்று மாற்றிப் பாருங்கள்.